முடிவு நாளும் மொழிபெயர்ப்பாளனும்

எங்கள் தெருவில் ஒரு தையற்காரர் இருக்கிறார். அறுபது வயதுக்கு மேலாகிறது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். ஒரு நாள் மாலை தம்முடைய கனத்த வேதாகமத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு என்னைத் தேடி வந்தார். ஊருக்கு வெளியே பந்தல் போட்டு நடந்த ஒரு கூட்டத்தில் மூன்று இரவு பிரசங்கம் கேட்டிருக்கிறார். உலகம் முடியப் போகிறது என்று பிரசங்கி பலகையில் கணக்கே போட்டுக் காட்டினாராம். பேத்தியைக் கல்லூரியில் சேர்க்கவென்று சேர்த்து வைத்திருந்த பணத்தை இனி அதற்குச் செலவழிப்பதில் அர்த்தமுண்டா என்பது வீட்டில் பெரிய தகராறாகிவிட்டது.

"தம்பி, இதிலே உலகம் முடியும்னுதான் போட்டிருக்கு. நீங்க இங்கிலீஷ்லயும் கொஞ்சம் பார்த்துச் சொல்லணும். அதுலயும் அப்படித்தானா?" என்று கேட்டார்.

என்னிடம் இரண்டு ஆங்கில பைபிள்கள் இருந்தன. ஒன்று 1611ஆம் வருஷத்து ஜேம்ஸ் அரசன் காலத்து மொழிபெயர்ப்பு. மற்றது இருபதாம் நூற்றாண்டில் திருத்தியது. மத்தேயு 24ஆம் அதிகாரத்தை இரண்டிலும் எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் உலகம் என்ற சொல் இருந்தது. மற்றதில் யுகம் என்று பொருள்படும் சொல் இருந்தது. இரண்டையும் சொன்னேன்.

"யுகம்னா, இன்னும் நாள் இருக்குன்னு அர்த்தமா தம்பி?" என்றார் அவர்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நான் கிறிஸ்தவனல்ல, கிரேக்கமும் ஹீப்ருவும் படித்தவனுமல்ல. அகராதிகளை வைத்துக்கொண்டும், நாலைந்து மொழிபெயர்ப்புகளைப் பக்கத்தில் பக்கம் வைத்து ஒப்பிட்டும் பார்க்கக்கூடிய வாசகன், அவ்வளவுதான். ஆனால் ஒரு சொல்லுக்கு அர்த்தம் என்ன என்ற கேள்வியில் ஒரு பெண்ணின் படிப்பு தொங்கிக்கொண்டு நிற்பதை அன்றுதான் பார்த்தேன். நாவலை மொழிபெயர்க்கிறவன் ஒரு சொல்லைத் தவறவிட்டால் வாசகனுக்கு ஒரு பிற்பகல் வீணாகும். வேதத்தை மொழிபெயர்க்கிறவன் விஷயம் அப்படியல்ல. அதைக் கொஞ்சம் விசாரித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

கிரேக்கத்தில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. கோஸ்மோஸ் என்பது ஒன்று. ஒழுங்காக அமைந்த இந்த உலகம், அதில் வாழும் ஜனங்கள் என்று பொருள். அயோன் என்பது மற்றொன்று. அது நீண்ட காலப் பகுதி, ஒரு யுகம். மத்தேயு 13ஆம் அதிகாரத்தில் களைகளின் உவமை வருகிறது. ஒருவன் நல்ல விதை விதைக்கிறான். இரவில் பகைவன் வந்து களையை விதைத்துவிட்டுப் போகிறான். அறுப்பு வரையில் இரண்டும் சேர்ந்தே வளரட்டும் என்று நிலத்துக்காரன் விட்டுவிடுகிறான். பிறகு உவமைக்கு விளக்கம் வருகிறது. அங்கே நிலத்துக்குச் சொல்லப்படும் பொருள் கோஸ்மோஸ். அறுப்புக்குச் சொல்லப்படும் பொருள் அயோன் நிறைவேறி முடிவது. அடுத்தடுத்த இரண்டு வசனங்கள். வெவ்வேறு இரண்டு சொற்கள்.

விவசாயம் தெரிந்த யாருக்கும் இது சட்டென்று புரியும். அறுப்பு வந்தால் ஒரு பருவம் முடிகிறது. நிலம் எங்கும் போய்விடுவதில்லை. அடுத்த விதைப்புக்குக் கிடக்கிறது. கிரேக்கத்தில் உவமை அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தி நிற்கிறது. 1526இல் டிண்டேல் ஆங்கிலத்தில் பெயர்த்தபோது இரண்டு இடத்திலும் உலகம் என்றே போட்டார். 1611ஆம் வருஷத்தவர்களும் அவ்வாறே செய்தார்கள். 1871இல் முற்றுப்பெற்ற நம்முடைய பவர் மொழிபெயர்ப்பிலும் நிலத்துக்கும் உலகம், அறுப்பில் முடிவதற்கும் உலகம். ஆகவே தமிழிலோ ஆங்கிலத்திலோ படிப்பவனுக்குப் பருவம் முடிகிற காட்சி கிடைப்பதில்லை. வயலே தீப்பற்றி எரிகிற காட்சிதான் கிடைக்கிறது.

மொழிபெயர்த்தவர்கள் தெரியாமல் செய்தார்கள் என்று சொல்வது நியாயமாகாது. அயோன் என்ற சொல்லே பிற்காலக் கிரேக்கத்தில் இந்த உலகம், மறு உலகம் என்ற இடங்களிலும் வழங்கியிருக்கிறது. அதன் லத்தீன் வடிவமாகிய சேகுலும் என்பதும் யுகத்தையும் உலகத்தையும் சேர்த்தே சுமக்கிற சொல். ஆயிரம் வருஷம் லத்தீனில் வேதம் கேட்ட ஐரோப்பாவுக்கு அந்த இரட்டை அர்த்தம் பழகிப் போயிருந்தது. 1881இல் ஆங்கிலப் பைபிளைத் திருத்திய பண்டிதர்கள் பழைய சொல்லை வசனத்தில் வைத்துக்கொண்டு, யுகத்தின் நிறைவு என்ற பொருளைப் பக்க ஓரத்தில் குறித்தார்கள். 1946இல் வந்த அமெரிக்கத் திருத்தத்தில்தான் அந்தப் பொருள் வசனத்துக்குள் ஏறியது. ஓரத்திலிருந்து உள்ளே வர அதற்கு 65 வருஷம் பிடித்திருக்கிறது. இந்த ஓரக் குறிப்புகளை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இனிச் சொல்லப்போகும் கதையில் அவை மறுபடியும் வருகின்றன.

அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்தில் லோ ஹாம்ப்டன் என்ற ஊரில் வில்லியம் மில்லர் என்ற விவசாயி இருந்தார். 1782இல் பிறந்தவர். 1812ஆம் வருஷத்து யுத்தத்தில் காப்டனாகப் போரிட்டவர். வாலிபத்தில் வேதத்தை நம்பாமல் இருந்து, 1816இல் மனம் திரும்பி, பைபிளை முதலிலிருந்து வசனம் வசனமாகப் படிக்க உட்கார்ந்தார். உரை நூல்களை ஒதுக்கிவிட்டார். துணைக்கு வைத்துக்கொண்டது க்ரூடன் என்பவர் 1737இல் தொகுத்த சொல்லடைவு ஒன்றைத்தான். ஒரு சொல் பைபிளில் எங்கெல்லாம் வருகிறது என்று காட்டும் புத்தகம் அது. ஆனால் அது காட்டுவது ஆங்கிலச் சொல்லை. ஹீப்ருவில் இரண்டாக இருப்பது ஆங்கிலத்தில் ஒன்றாகிவிட்டால், சொல்லடைவில் அவை ஒன்றின்கீழ் ஒன்றாக வரிசையில் நிற்கும். மில்லர் போன்ற ஒரு நேர்மையான மனிதருக்கு இதில் எச்சரிக்கை எதுவும் தோன்ற வழியில்லை.

தானியேல் 8ஆம் அதிகாரம் 14ஆம் வசனம் அவரைப் பிடித்துக்கொண்டது. 2300 நாள் சென்ற பிறகு பரிசுத்த ஸ்தலம் சுத்தம் செய்யப்படும் என்ற பொருளில் அவருடைய ஆங்கிலப் பைபிளில் அது இருந்தது. தீர்க்கதரிசனத்தில் நாள் என்றால் வருஷம் என்பது அவருக்கு முன்னாலேயே வழங்கிய ஒரு மரபு. பாரசீக அரசன் அர்தசஷ்டாவின் கட்டளை பிறந்த கி.மு. 457இலிருந்து கணக்கிட்டார். 2300இல் 457 போனால் 1843. பரிசுத்த ஸ்தலம் என்பது இந்தப் பூமி; சுத்தம் செய்வது என்பது கிறிஸ்து திரும்பி வந்து நெருப்பால் சுத்தம் செய்வது என்று முடிவு கட்டினார். 1831 முதல் ஊர் ஊராகப் பேசினார். கி.மு.வுக்கும் கி.பி.க்கும் நடுவில் பூஜ்ய வருஷம் கிடையாது என்பதால் 1844 என்று பிறகு கணக்குத் திருத்தப்பட்டது. கடைசியில் இயக்கத்தைச் சேர்ந்த சாமுவேல் ஸ்னோ என்பவர் யூதர்களின் பாவநிவிர்த்தி நாளோடு பொருத்தி, 1844 அக்டோபர் 22 என்று நாளையே குறித்தார். பல்லாயிரம் பேர் நம்பினார்கள். சில விவசாயிகள் நிலத்தில் விளைந்த உருளைக்கிழங்கைத் தோண்டாமலே விட்டார்கள். அந்த நாளும் வந்தது; போயிற்று. அமெரிக்க வரலாற்றில் அதற்குப் பெரிய ஏமாற்றம் என்றே பெயர்.

அந்த ஒரே வசனத்தில் மொழிபெயர்ப்புச் சிக்கல் இரண்டு இருக்கின்றன. முதலாவது, ஹீப்ருவில் நாள் என்ற சொல்லே இல்லை. மாலை, காலை என்று இருக்கிறது. மாலை காலை 2300. கோயிலில் மாலையும் காலையும் செலுத்தும் பலிகளைத்தான் இது எண்ணுகிறது, ஆகவே 1150 நாள் என்று பல ஆராய்ச்சியாளர்கள் சொல்லுகிறார்கள். கி.மு. 167இல் சிரியா தேசத்து அரசன் அந்தியோகஸ் எருசலேம் கோயிலைத் தீட்டுப்படுத்தி, 164இல் யூதர்கள் அதை மீட்டார்களே, அந்த மூன்று சொச்ச வருஷத்தோடு அது ஏறக்குறைய ஒத்துப்போகிறது. இரண்டாவது, சுத்தம் செய்யப்படும் என்று பெயர்த்த இடத்தில் ஹீப்ருவில் இருப்பது நீதி என்ற வேர்ச்சொல்லிலிருந்து பிறந்த ஒரு வினை. நீதி வழங்கப்படும், நியாயமான நிலைக்குத் திரும்பும் என்பது அதற்கு நேரான பொருள். அந்த வடிவத்தில் அந்த வினை ஹீப்ரு பைபிள் முழுவதிலும் அந்த ஓர் இடத்தில்தான் வருகிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு அதைச் சுத்தம் என்று ஆக்கியது. லத்தீன் அதன் வழியே போயிற்று. ஆங்கிலமும் அதன் வழியே வந்தது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாவிட்டால் 1611ஆம் வருஷத்தவர்களுக்குத் துரோகம் செய்ததாகும். அந்த வசனத்துக்குப் பக்கத்தில் ஓரத்தில் இரண்டு குறிப்புகள் போட்டிருக்கிறார்கள். நாள் என்பதற்கு ஹீப்ருவில் மாலை காலை என்று இருக்கிறது. சுத்தம் என்பதற்கு ஹீப்ருவில் நீதியாக்கப்படும் என்று இருக்கிறது. இரண்டையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்கள். ஆனால் ஓரக் குறிப்பை யார் படிக்கிறார்கள்? புத்தகம் எழுதுகிறவனுக்கு இது நன்றாகத் தெரியும். நாம் எங்கே தயங்கினோம் என்பதை வாசகன் தேடிப் பார்ப்பதில்லை. நாம் என்ன முடிவு செய்தோம் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறான்.

ஏமாற்றத்துக்கு அடுத்த நாள் காலை ஹைரம் எட்ஸன் என்ற விவசாயி, தோழர்களைத் தேற்றப் புறப்பட்டு, சோளக்காட்டின் வழியே நடந்து போனார். அப்போது அவர் மனத்தில் ஒன்று பளிச்சிட்டது. நாள் தவறவில்லை, இடம்தான் தவறிவிட்டது. சுத்தம் செய்யவேண்டிய ஸ்தலம் பூமியல்ல, பரலோகத்தில் இருக்கும் பரிசுத்த ஸ்தலம். பிரதான ஆசாரியன் வருஷத்துக்கு ஒருமுறை கோயிலைச் சுத்திகரிப்பதாக லேவியராகமம் 16ஆம் அதிகாரம் சொல்லுகிறதல்லவா? அதைப் போலக் கிறிஸ்து 1844இல் அங்கே தம்முடைய கடைசி ஊழியத்தைத் தொடங்கியிருக்கிறார். இந்த விளக்கத்திலிருந்து வளர்ந்ததுதான் 1863இல் முறையாக அமைந்த ஏழாம் நாள் அட்வென்டிஸ்டு சபை. இன்று உலகமெங்கும் இரண்டு கோடிக்கு மேற்பட்டவர்கள் அதில் இருக்கிறார்கள். மருத்துவமனைகளும் பள்ளிக்கூடங்களும் நிறைய நடத்துகிற சபை அது.

இந்த உபதேசத்தின் அஸ்திவாரக் கல் ஒரு சொல். தானியேலில் சுத்தம், லேவியராகமத்தில் சுத்தம், ஆகவே இரண்டும் ஒரே காரியம். ஆங்கிலத்தில் அந்தப் பாலம் இருக்கிறது. கிரேக்கத்திலும் இருக்கிறது. ஹீப்ருவில் இல்லை, அங்கே லேவியராகமத்தில் வேறு வினை. அந்தச் சபையின் அறிஞர்கள் இதற்குப் பதில் சொல்லாமல் இல்லை. யோபின் புத்தகத்துக் கவிதையில் இந்த இரண்டு வினைகளும் இணைகளாக வருவதைக் காட்டி, அர்த்தத்தில் உறவு உண்டு என்கிறார்கள். அது யோசிக்கத்தக்க வாதம்தான். ஆனால் அதே சபையில் டெஸ்மண்ட் ஃபோர்டு என்ற ஆஸ்திரேலிய அறிஞர் 1979இல் இதையும் இதைச் சேர்ந்த கேள்விகளையும் வெளிப்படையாக எழுப்பினார். 1980 ஆகஸ்டில் கொலராடோ மாகாணத்தில் சபையின் அறிஞர்களும் அதிகாரிகளும் கூடி அவருடைய ஆராய்ச்சியைப் பரிசீலித்தார்கள். முடிவில் அவருடைய குரு பதவி போயிற்று. ஒரு வினைச்சொல்லின் அர்த்தம் 136 வருஷம் கழித்தும் ஒரு மனிதனின் வேலையைப் பறிக்கக்கூடியதாக இருந்திருக்கிறது.

இதற்குத் தம்பி போல இன்னொரு கதை உண்டு. மில்லர் இயக்கத்தில் வளர்ந்த நெல்சன் பார்பர் என்பவர் புதுக் கணக்குப் போட்டு, கிறிஸ்து 1873இல் வருவார் என்றார். பிறகு 1874 என்றார். இரண்டும் தவறின. அப்போது அவருடைய பத்திரிகையின் வாசகர் ஒருவர், கீத் என்று பெயர், ஒரு புத்தகத்தில் ஒரு சொல்லைக் கண்டுபிடித்து அனுப்பினார். அந்தப் புத்தகம் பெஞ்சமின் வில்சன் என்ற பத்திரிகைக்காரர் 1864இல் வெளியிட்ட எம்ஃபாடிக் டயக்ளாட். கிரேக்க வரிக்குக் கீழே சொல்லுக்குச் சொல் ஆங்கிலம் போட்ட பதிப்பு. மத்தேயு 24ஆம் அதிகாரத்தில் பரௌசியா என்ற கிரேக்கச் சொல்லுக்கு, வருவது என்று எல்லாரும் போட்டிருந்த இடத்தில், அவர் கூட இருப்பது, சமுகம் என்று பொருள்படும் சொல்லைப் போட்டிருந்தார். பார்பருக்கு வழி திறந்துவிட்டது. கிறிஸ்து 1874இல் வந்தேவிட்டார். கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறார். தவறியது நாமல்ல, நம்முடைய மொழிபெயர்ப்பு.

1876இல் பிட்ஸ்பர்க் பக்கத்து இளம் துணி வியாபாரி ஒருவர் இந்த விளக்கத்தைப் படித்து ஏற்றுக்கொண்டார். அவர்தான் சார்லஸ் டேஸ் ரஸல். 1879இல் அவர் தொடங்கிய காவற்கோபுரம் பத்திரிகையின் பெயரிலேயே கிறிஸ்துவின் சமுகத்தை அறிவிக்கும் தூதன் என்ற பொருளும் சேர்ந்திருந்தது. அந்த இயக்கம் 1931இல் யெகோவாவின் சாட்சிகள் என்று பெயர் ஏற்றது. 1874 பின்னால் கைவிடப்பட்டு அந்த இடத்தில் 1914 அமர்ந்தது. ஆனால் சொல் மாறவில்லை. 1950இல் அவர்கள் தாங்களே வெளியிட்ட ஆங்கிலப் புதிய ஏற்பாட்டில் பரௌசியா வருகிற 24 இடத்திலும் சமுகம் என்ற பொருளே. 1611ஆம் வருஷத்துப் பதிப்பிலோ 22 இடத்தில் வருவது, 2 இடத்தில் இருப்பது.

யார் சொல்வது சரி? அகராதியைப் பார்த்தால் இரண்டு பேருக்கும் பாதி நியாயம் இருக்கிறது. சொல்லைப் பிரித்தால் பக்கத்தில் இருத்தல் என்றுதான் வருகிறது. பவுல் ஓரிடத்தில் தாம் கூட இல்லாமைக்கு எதிராக அதை வழங்குகிறார். ஆனால் எகிப்தின் மணலில் கிடைத்த பழைய பாபிரஸ் ஏடுகளை ஆராய்ந்த ஜெர்மன் பண்டிதர் டைஸ்மான், 1908இல் வெளியிட்ட தம் நூலில் வேறொன்றைக் காட்டினார். அரசனோ பெரிய அதிகாரியோ ஓர் ஊருக்கு விஜயம் செய்வதற்கு அக்காலத்தில் வழங்கிய சொல்லே பரௌசியா. அந்த விஜயத்துக்கென்று ஜனங்களிடம் வரி தண்டியிருக்கிறார்கள். கலெக்டர் முகாம் வந்தால் கிராமம் என்ன பாடுபடும் என்று அறிந்த நமக்கு, அப்படிப்பட்ட வருகை கண்ணுக்குத் தெரியாமல் நடக்கக்கூடியது என்று நம்புவது கஷ்டம்.

இந்த இரண்டு கதைகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று தென்பட்டது. இரண்டிலும் முதலில் பிறந்தது தேதி. பிறகு தேதி தவறியது. அதற்கும் பிறகுதான் சொல் வந்து கைகொடுத்தது. மொழிபெயர்ப்புப் பிழையால் ஜனங்கள் ஏமாந்தார்கள் என்று சொல்வது சுலபம். அது பாதிதான் உண்மை. முடிவு தங்கள் காலத்திலேயே வரவேண்டும் என்ற தாகம் அவர்களுக்கு முன்பே இருந்தது. தவறிய பிறகு அந்த நம்பிக்கையோடு வாழ்வதற்கு ஓர் உருவம் தேவைப்பட்டது. அந்த உருவத்தைக் கொடுத்தது சொல். சுத்தம் என்ற சொல் கிடைத்தவர்கள் பரலோகக் கோயிலை நோக்கிப் போனார்கள். சமுகம் என்ற சொல் கிடைத்தவர்கள் கண்ணுக்குத் தெரியாத அரசனை நோக்கிப் போனார்கள். ஒரே ஏமாற்றத்தின் வம்சத்தில் வந்த இரண்டு கூட்டங்கள் இன்று இரண்டு வேறு மதங்கள் போல நிற்பதற்கு, எந்தச் சொல் யார் கையில் அகப்பட்டது என்பது ஒரு முக்கியமான காரணம்.

புதிய மொழிபெயர்ப்பு வந்தால் எல்லாம் தெளிந்துவிடும் என்று எண்ணுகிறவர்களுக்கு எசேக்கியேல் 38ஆம் அதிகாரத்தைக் காட்டவேண்டும். அங்கே கோகு என்பவனைக் குறிக்குமிடத்தில் ரோஷ் என்ற ஹீப்ருச் சொல் வருகிறது. தலை, தலைமை என்பது அதன் சாதாரணப் பொருள். 1611இல் தலைமை அதிபதி என்ற பொருளில் பெயர்த்தார்கள். நம்முடைய பழைய தமிழிலும் பிரதான அதிபதிதான். ஆனால் கிரேக்க மொழிபெயர்ப்பு அதை ஒரு பெயராக எடுத்துக்கொண்டது. 1885இல் வெளியான ஆங்கிலத் திருத்தமும் ரோஷின் அதிபதி என்று பெயராக்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய ஹீப்ரு அகராதிக்காரரான கெசேனியுஸ் இந்த ரோஷ் ருஷ்யர்கள்தான் என்று கருதினார். 1970இல் ஹால் லிண்ட்சே எழுதிப் பெருவாரியாக விற்ற புத்தகத்தில், கடைசிக் காலத்தில் இஸ்ரவேலின்மேல் படையெடுக்கும் கோகு சோவியத் ருஷ்யா ஆகிவிட்டது. 1991இல் சோவியத் யூனியன் கலைந்தது, வியாக்கியானம் கலையவில்லை. இங்கே பழைய பதிப்பு அடக்கமாகவும் திருத்திய பதிப்பு துணிச்சலாகவும் இருந்திருக்கின்றன.

சில சமயம் சொல் வசனத்திலே இருக்கவேண்டும் என்ற அவசியமும் இல்லை. ஆங்கிலத்தில் இன்று எல்லார் வாயிலும் அடிபடும் ராப்ச்சர் என்ற சொல் 1611ஆம் வருஷத்துப் பைபிளில் கிடையாது. தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபம் 4ஆம் அதிகாரத்தில், விசுவாசிகள் மேகங்களில் எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்ற கருத்துள்ள இடத்தில், லத்தீன் பைபிளில் இருக்கும் வினையிலிருந்து அது பிறந்தது. பற்றி இழுத்துக்கொண்டு போவது என்று பொருள். மகா உபத்திரவம் வருமுன்பே இது தனியாக நடந்துவிடும் என்று 1830களில் போதித்தவர் அயர்லாந்தில் குருவாயிருந்து விலகிய ஜான் நெல்சன் டார்பி. அதைப் பரப்பியது 1909இல் ஆக்ஸ்ஃபோர்டு அச்சகம் வெளியிட்ட ஸ்கோஃபீல்டு பைபிள். ஸ்கோஃபீல்டு மொழிபெயர்ப்பில் கை வைக்கவில்லை. 1611ஆம் வருஷத்து வசனங்களையே வைத்துக்கொண்டு அடியில் தம்முடைய குறிப்புகளை அச்சிட்டார்.

இங்கேதான் அந்த ஓரக் குறிப்புகளை மறுபடி நினைக்கவேண்டியிருக்கிறது. பக்கத்து ஓரத்தில் இப்படியும் இருக்கலாம் என்று தயங்கிச் சொன்ன மொழிபெயர்ப்பாளனை யாரும் படிக்கவில்லை. பக்கத்தின் அடியில் இப்படித்தான் என்று அடித்துச் சொன்ன உரைகாரரை லட்சக்கணக்கானவர்கள் படித்தார்கள். நம்மிடையே பரிமேலழகரைப் படித்துவிட்டுத் திருவள்ளுவரைப் படித்ததாக எண்ணிக்கொள்ளுகிறவர்கள் எத்தனை பேர்! உரை மூலத்தோடு ஒரே பக்கத்தில் அச்சாகிவிட்டால் சாதாரண வாசகன் இரண்டுக்கும் நடுவில் கோடு போடுவதில்லை. தமிழ்நாட்டில் பல சபைகளில் இந்த உபதேசத்துக்கு இரகசிய வருகை என்று பெயர். தெசலோனிக்கேயருக்கு எழுதிய அந்தப் பகுதியில் இரகசியம் என்ற சொல் இல்லை. ஆரவாரமும் தூதனின் சத்தமும் எக்காளமும்தான் இருக்கின்றன. அதைவிடச் சத்தமான பகுதி பைபிளில் அபூர்வம். என்றாலும் பெயர் நிலைத்துவிட்டது. பெயர் நிலைத்த பிறகு கேட்பவனின் காது எக்காளத்தை விட்டுவிடுகிறது.

தமிழ் மொழிபெயர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை. தானியேலின் அந்த வசனத்தில் நம்மவர்கள் ஆங்கிலத்தைப் பின்பற்றி நாள் என்று போட்டுவிடவில்லை. இராப்பகல் என்றார்கள். மாலை காலை என்பதற்கு அது மிகவும் பக்கத்தில் நிற்கும் சொல். நல்ல தமிழ்ச் சொல்லும்கூட. ஆனால் அடுத்த வினையில் சுத்திகரிப்பு என்று எல்லாரோடும் சேர்ந்துகொண்டார்கள். லேவியராகமத்திலும் சுத்திகரிப்பே. ஆகவே எட்ஸனின் பாலம் தமிழிலும் அப்படியே நிற்கிறது.

பரௌசியாவுக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த வருகை என்ற சொல்லை நான் முதலில் சாதாரணமாக நினைத்தேன். பிறகுதான் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு ஞாபகம் வந்தது. அதில் வாத்தியார் குறிப்பது பையன் வந்ததையா, இருப்பதையா? இரண்டையும்தான். ஆங்கிலத்தில் இரண்டு மதங்களைப் பிரித்து வைத்த இரண்டு அர்த்தங்களும் தமிழில் ஒரே சொல்லுக்குள் சண்டையில்லாமல் குடியிருக்கின்றன. அரசரின் வருகை என்றால் விஜயம் என்ற பொருளும் தானாகவே வந்துவிடுகிறது. கிரேக்கச் சொல்லுக்கு இவ்வளவு பொருத்தமான சொல் ஆங்கிலத்துக்கு வாய்க்கவில்லை. மொழிபெயர்த்தவர்கள் இதை யோசித்துச் செய்தார்களோ, காதுக்குச் சரியென்று பட்டதோ, எப்படியிருந்தாலும் அது தமிழுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம்.

உலகமா, யுகமா என்ற கேள்வியில் அதிர்ஷ்டம் அப்படி இல்லை. யுகம் என்று போட்டிருந்தால் அயோனுக்குக் கிட்டத்தில் வந்திருக்கும். ஆனால் தமிழ்க் காதுக்கு யுகம் வெறும் காலப் பகுதியல்ல. கலியுகம் முடிந்தால் மறுபடி கிருதயுகம் வரும். சக்கரம் சுற்றும். ஒரே ஒரு முறை நடந்து முடிகிற காரியத்தைச் சொல்லவந்த கிறிஸ்தவ வேதத்துக்கு அந்தச் சக்கரம் ஆகாது என்று மொழிபெயர்த்தவர்கள் பயந்திருந்தால் அதில் ஆச்சரியமில்லை. யுகம் போட்டால் அர்த்தத்தில் ஒன்று கூடிவிடும். உலகம் போட்டால் ஒன்று குறைந்துவிடும். நல்ல மொழிபெயர்ப்பாளன் இந்த இடத்தில் இரண்டில் ஒரு நஷ்டத்தைத் தெரிந்தெடுக்கிறான். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவன் நஷ்டப்பட்டான் என்பதை வாசகனுக்குச் சொல்லாமல் இருப்பதைத்தான் குற்றம் என்பேன். ஓரக் குறிப்பை யாரும் படிக்காவிட்டாலும் அது அங்கே இருக்கவேண்டும். என்றாவது ஒருவன் வேதத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து கேட்பான்.

தையற்காரரிடம் இரண்டு நாள் கழித்துப் போனேன். மேலே சொன்னதில் பாதியைச் சொன்னேன். பிறகு, அதே மத்தேயு 24ஆம் அதிகாரத்தில் 36ஆம் வசனத்தைப் பிரித்துக் காட்டினேன். அந்த நாளும் நாழிகையும் ஒருவருக்கும் தெரியாது என்ற கருத்தைச் சொல்லும் வசனம் அது. கிரேக்கத்திலும் லத்தீனிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் இந்தக் கருத்தில் மயக்கமே இல்லை. மொழிபெயர்த்த யாரும் இதைக் கெடுக்கவில்லை. மில்லரின் ஆட்கள் இதற்கும் ஒரு வழி கண்டார்கள். நாள் தெரியாவிட்டால் என்ன, வருஷம் தெரியலாமே என்றார்கள். பிறகு நாளையும் குறித்தார்கள். சிக்கலான சொற்களிலெல்லாம் உட்கார்ந்து கணக்குப் போட்டவர்கள் சிக்கலே இல்லாத இந்த வசனத்தை மட்டும் தாண்டிப் போயிருக்கிறார்கள்.

தையற்காரர் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது எனக்குச் சின்ன வயசிலேயே மனப்பாடம் தம்பி. பந்தல்லே மூணு நாளும் இதை வாசிக்கலே" என்றார். பிறகு தைத்துக்கொண்டிருந்த சட்டையை எடுத்துக்கொண்டார். பேத்தியின் பணத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.